இரண்டு பூட்டுப் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மதுரையில் யாரையும் நம்பி "சௌக்கியமா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போச்சு, உங்கள் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று அங்கேயே நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவார்கள். அதுவும் அந்த 2002-ஆம் வருஷம் ரொம்ப மோசம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூர் போனவர்களில் பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் டெக்னாலஜி படித்தால் சோறு கிடைக்காது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வெறும் மார்க்கெட்டிங் படித்தால் வீடு வீடாக ஊதுபத்தி விற்க வேண்டியதுதான் என்று அதற்கு முந்தின வருஷமே முடிவு செய்திருந்தது. அப்படியானால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன என்று ஒரு கல்லூரி கேட்டது. சீதாராமன் அதைக் காதில் வாங்கினார். அதுதான் வினை.

சீதாராமன் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறவர். மலை மாதிரிச் சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு "அப்புறமா வாரேன்" என்று எழுந்து போகிறவர்களையும் "வாங்கக்கா" என்று சிரித்து அனுப்பிவிட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிப்பார். வீடு விளாங்குடியில். வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம். அவர் மனைவி கனகலட்சுமி மட்டும் சண்டை என்று வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார். அக்கம்பக்கத்துக்கும் நியாயம் விளங்க வேண்டுமல்லவா?

ஒரே மகள் ஸ்வப்னா. கணக்கில் கெட்டி. நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதத்துக்குப் போட்டிருந்தாள். காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் பாட்டுக்குக் காத்திருந்தாள். அவளுக்குப் பதற்றமே கிடையாது. பதற்றமெல்லாம் அப்பாவுக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் 'உயர்கல்வி வழிகாட்டும் பெருவிழா' நடந்தது. சீதாராமன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மேலூர் ரோட்டில் புதிதாக முளைத்திருந்த நற்றுணை நாச்சியார் கலை அறிவியல் கல்லூரியின் தாளாளர் மலைச்சாமி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நான் படிக்கல. படிக்காததாலதான் காலேஜ் கட்டினேன். படிச்சிருந்தா எங்கிட்டாவது வேலைக்குல்ல போயிருப்பேன்?"

மண்டபம் கை தட்டியது.

"ஒரு காலத்துல கல் குவாரி வச்சிருந்தேன். கல்லை அறுக்கிறது டெக்னாலஜி. அறுத்த கல்லை விக்கிறது மார்க்கெட்டிங். ரெண்டையும் நான் ஒத்த ஆளா ஒரே நாள்ல கத்துக்கிட்டேன். அதைத்தான் இப்ப நம்ம பிள்ளைங்களுக்கு மூணு வருஷப் படிப்பா ஆக்கியிருக்கேன்!"

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். ஒரே நாளில் கற்றதற்கு எதற்கு மூன்று வருஷம் என்று ஸ்வப்னா அப்பாவின் காதில் கேட்டாள். சீதாராமனுக்கு அது விழவே இல்லை. அவர் கண்ணெல்லாம் மேடையில் இருந்தது. இத்தனை வருஷம் சேலை விற்றவருக்கு, விற்கிறதையும் ஒரு படிப்பு என்று ஒருவர் மைக்கில் சொன்னதும் மனசு குளிர்ந்துவிட்டது, பாவம்.

"கணக்குக்கு எம்புட்டு நாள் காத்திருப்ப? இதுல சேந்துரும்மா" என்றார். அப்பா ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை. சரி என்றுவிட்டாள்.

சேர்க்கைக்குப் போன அன்று கல்லூரி வாசலிலேயே சீதாராமன் சற்றுத் திகைத்து நின்றார். புதுப் படிப்பின் பெயர்ப்பலகை வட்டமாக இருந்தது. எழுத்துகள் விளிம்பைச் சுற்றி ஓடின. மார்க்கெட்டிங் முதலில் வருவதா, டெக்னாலஜி முதலில் வருவதா என்று இரண்டு துறைக்கும் தகராறு வந்ததாம். வட்டத்துக்கு முதலேது முடிவேது என்று தாளாளர் தீர்த்துவைத்தாராம். படிப்பின் பெயரைத் தெரிந்துகொள்ள நினைத்தவர்கள் தலையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

மார்க்கெட்டிங் துறைத் தலைவர் டாக்டர் முத்திருளன். டெக்னாலஜி துறைத் தலைவர் பேராசிரியர் கருத்தக்கண்ணன். முன்னவருக்குக் கிழக்குக் கட்டடம், பின்னவருக்கு மேற்குக் கட்டடம். ஒருவர் கட்டடத்துக்குள் இன்னொருவர் கால் வைத்ததில்லை. முதலில் போகிறவர் இறங்கிப் போனவர் ஆகிவிடுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

ஸ்வப்னாவின் மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். தாளாளரே முன்னால் நின்று, ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார். பெட்டிக்கு இரண்டு பூட்டு.

"எங்க ஊர்க் கோயில் நகைப்பெட்டி இப்படித்தான். பாத்தியப்பட்ட குடும்பம் ரெண்டு வகையறா, ரெண்டு பூட்டு. ஒரு சாவி முத்திருளன்கிட்ட, ஒரு சாவி கருத்தக்கண்ணன்கிட்ட. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் திறக்கும். ஒருத்தரும் ஏமாத்த முடியாது!" என்றார் மலைச்சாமி.

"நல்ல ஏற்பாடுங்க" என்றார் சீதாராமன். எந்தச் சேலையையும் நல்லது என்றே சொல்லிப் பழகிய வாய்.

தொடக்க விழா விமரிசையாக நடந்தது. இரண்டு குத்துவிளக்கு, இரண்டு ரிப்பன், இரண்டு சிறப்பு விருந்தினர். இரண்டு தலைவர்களும் ஒரே நொடியில் வெட்டுவதற்காக உடற்கல்வி ஆசிரியர் நடுவில் நின்று விசில் ஊதினார். முதல் விசிலுக்கு முத்திருளன் ஒரு கண் சிமிட்டும் நேரம் முந்திவிட்டார் என்று கருத்தக்கண்ணன் கத்தரியைக் கீழே போட்டார். ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டினார்கள். புதுப் படிப்பில் சேர்ந்திருந்த மாணவர்கள் அனைவரையும் எழுந்து நிற்கச் சொன்னபோது ஸ்வப்னா மட்டும் எழுந்தாள். அவள் ஒருத்திதான் சேர்ந்திருந்தாள்.

சரி, ஒரு பிள்ளைக்கு இரண்டு துறை, ராஜபோகமாகச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று சீதாராமன் தேற்றிக்கொண்டார். கனகலட்சுமி தமிழுக்கு மாறியிருந்தார்.

வகுப்பு தொடங்கிய வாரமே கடைக்குப் போன் வந்தது. உங்கள் மகள் எல்லாப் பாடத்திலும் பாதி நாள் வரவில்லை, உடனே வாருங்கள் என்றார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு போனார். விஷயம் இதுதான். முதல் பீரியட் என்பது மரியாதை சம்பந்தப்பட்டது. ஆகவே இரண்டு துறையும் முதல் பீரியடைத் தங்களுக்கே வைத்துக்கொண்டன. பிறகு இரண்டாவது பீரியடையும் யாரும் விடவில்லை. ஸ்வப்னா கிழக்கே உட்கார்ந்திருக்கும்போது மேற்கே ஆப்சென்ட் விழுந்தது. மேற்கே போனால் கிழக்கே விழுந்தது.

"இதுக்கு என்ன சார் செய்யுறது?" என்று கேட்டார் சீதாராமன்.

முத்திருளன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவரை மாத்திக்கச் சொல்லுங்க. நான் மாத்துனா மார்க்கெட்டிங்குக்கே மார்க்கெட் போயிரும்."

கருத்தக்கண்ணன் சொன்னார்: "டைம்டேபிளை கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. கம்ப்யூட்டர்ல போட்டதை மாத்த முடியாது. முடிஞ்சா அது பேரு டெக்னாலஜியா?"

கடைசியில் தாளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளை ஒரு வகுப்பில் இருக்கும்போது பெற்றோர் இன்னொரு வகுப்பில் இருக்கலாம். ரத்தம் ஒன்றுதானே?

இப்படியாகத்தானே சீதாராமன் டெக்னாலஜி படிக்க ஆரம்பித்தார். கடையில் உடன் வேலை பார்க்கும் சோணையிடம் காலை நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, மகளோடு இறங்கி, அவள் கிழக்கே போக இவர் மேற்கே போவார். கருத்தக்கண்ணன் "ஸ்வப்னா" என்று பெயர் கூப்பிடுவார். சீதாராமன் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு வராது.

பாடம் ஒன்றே ஒன்றுதான் நடந்தது. மார்க்கெட்டிங் என்பது ஏன் ஒரு படிப்பே இல்லை என்பதைக் கருத்தக்கண்ணன் மேற்கே விளக்கினார். டெக்னாலஜியால் இதுவரை யாராவது ஒரு குண்டூசியாவது விற்றதுண்டா என்று முத்திருளன் கிழக்கே கேட்டார். கம்ப்யூட்டரைக் காட்டுங்கள் என்று சீதாராமன் ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லிக் குளிர்சாதன அறைக்குள் கூட்டிப் போனார்கள். நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு ஒரு பெட்டி இருந்தது. டி.வி. மாதிரி ஒன்று இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். பொருளைக் காட்டுவது விற்பனை சம்பந்தப்பட்டது என்பதால் திரையைக் கிழக்குக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அன்று மாலை பஸ்ஸில் ஸ்வப்னா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நீங்க படிச்சதை நான் கேக்குறேன், நான் படிச்சதை நீங்க கேளுங்க. ரெண்டையும் சேத்தாலும் ஒண்ணுமில்லப்பா" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளையைத் தன் கையாலேயே இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டோமே என்று சீதாராமனுக்கு அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

மறுநாளே பெண்கள் கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. கணிதத்தில் ஒரு இடம் காலியாகிவிட்டது, காத்திருப்பவர்களில் அடுத்தது ஸ்வப்னாதான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு வந்தால் இடம் அவளுக்கு. நான்கு மணி தாண்டினால் அடுத்த பிள்ளைக்கு.

சீதாராமன் வியாழன் காலையில் கிழக்குக் கட்டடத்துக்கு ஓடினார். பெட்டி அந்த மாதம் அங்கேதான் இருந்தது.

"தாராளமாத் திறக்கலாம்" என்றார் முத்திருளன். "என் சாவி ரெடி. அவரை இங்க வரச் சொல்லுங்க."

மேற்கே ஓடினார். "தாராளமாத் திறக்கலாம்" என்றார் கருத்தக்கண்ணன். "பெட்டியை இங்க கொண்டாரச் சொல்லுங்க."

"சார், பிள்ளையோட வாழ்க்கை சார்..."

"அதனாலதான் சொல்றேன். ஒரு பிள்ளைக்காக நான் கிழக்க போனேன்னா, நாளைக்கு இந்தத் துறையில படிக்கப்போற ஆயிரம் பிள்ளைக தலை நிமிந்து நடக்க முடியுமா?"

மைதானத்தின் நடுவில் வைத்துத் திறக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். நடு எது என்று அளக்க இரண்டு துறையும் சேர்ந்து ஒரு குழு போட வேண்டும், குழுவுக்கு யார் தலைவர் என்பது முடிவாகவில்லை என்றார்கள்.

தாளாளரிடம் போய் நின்றார். அவர் காலில் விழாத குறை. மலைச்சாமி மோர் வரவழைத்துக் கொடுத்தார். மனுஷன் கெட்டவரெல்லாம் இல்லை.

"சீதாராமண்ணே, எங்க ஊர் நகைப்பெட்டியைத் திறந்து எத்தனை வருசமாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எங்கப்பா காலத்துல திறந்தது. இன்னிவரைக்கும் ஒரு குந்துமணி களவு போயிருக்குமா? திறந்தாத்தானே போகும்! உங்க பிள்ளை சர்டிபிகேட்டும் அப்படித்தான். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அம்புட்டுப் பத்திரம்."

"நாளைக்கு நாலு மணிக்குள்ள வேணும்ங்க."

"நாளைக்கா? நாளைக்குப் பெட்டி மாத்துற நாளாச்சே!" என்று மலைச்சாமி முகம் மலர்ந்தார். "மாசம் ஒரு துறையில இருக்கணும்ல? நாளைக்குக் கிழக்க இருந்து மேக்க போகுது. மேளம் சொல்லியாச்சு, போட்டோக்காரருக்கும் சொல்லியாச்சு. தூக்குறதுக்குத்தான் ஆள் இல்ல. வாட்ச்மேன் கிழக்குக்கு வேண்டியவன், பியூன் மேக்குக்கு வேண்டியவன். ரெண்டு பக்கமும் சேராத ஆளு, யோசிச்சுப் பாத்தா நீங்கதான்."

வீட்டுக்கு வந்து சீதாராமன் சொன்னதைக் கேட்டுக் கனகலட்சுமி தமிழுக்கு மாறவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு, தன் மொழியிலேயே, அடக்கமாக அழுதார். அது சீதாராமனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

காலையில் கிளம்பும்போது ஸ்வப்னா சொன்னாள்: "அப்பா, ரெண்டு மணி வாக்குல மேலூர்ல இருந்து டவுன் பஸ் வரும். நான் காலேஜ் ஸ்டாப்புல நிக்கிறேன். நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

பெட்டி மாற்று விழா மதியம் தொடங்கியது. சீதாராமன் தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிப் பெட்டியை ஏற்றினார்கள். பெட்டிக்கு மாலை. முன்னால் தவிலும் நாகஸ்வரமும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு தலைவர்கள், கையில் சாவியோடு. மைதானத்தைக் குறுக்கே கடந்தால் எதிரேதான் மேற்குக் கட்டடம். ஆனால் அப்படிப் போனால் அதன் பின்வாசல்தான் வரும். பின்வாசல் வழியாக வாங்கிக்கொள்ள நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று கருத்தக்கண்ணன் கேட்டார். ஆகவே ஊர்வலம் கேட்டுக்கு வெளியே போய், மேலூர் ரோட்டைச் சுற்றி, முன்வாசல் வழியாக நுழைவது என்று ஏற்பாடு.

ரோட்டுக்கு வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல். தூரத்து ஸ்டாப்பில் ஸ்வப்னா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பஸ் வருவது தெரிந்தது.

சரியாக அந்த இடத்தில் முத்திருளன் நின்றார். கேட்டைத் தாண்டிவிட்டதால் தன் பொறுப்பு முடிந்தது, இங்கே கருத்தக்கண்ணன் வணங்கிப் பெட்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கொடுக்கிறவர்தான் வணங்கிக் கொடுக்க வேண்டும் என்றார் கருத்தக்கண்ணன். யார் வணங்குவது என்று இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. பிறகு இருவரும் அவரவர் ஊர்த் தமிழுக்கு வந்துவிட்டார்கள்.

மேளக்காரர்களை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. அவர்கள் வாசித்தபடி நடந்தார்கள். சீதாராமனும் பின்னால் நடந்தார். வாடிக்கையாளர் சொல்லாமல் ஒரு சேலையைக்கூட உள்ளே எடுத்து வைக்காத மனுஷன் அவர். பஸ் வந்து நின்றது. ஸ்வப்னா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் யோசிக்கத் தோன்றியிருக்கும். அந்தப் பார்வையைப் பார்த்ததும் கால் தானாக எட்டி நடந்தது.

"சாமிப் பெட்டியாண்ணே?" என்றார் கண்டக்டர், மாலையையும் மேளத்தையும் பார்த்துவிட்டு.

சீதாராமன் பொய் சொல்லிப் பழகாதவர். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க, ஏறுங்க. சாமிப் பெட்டிக்கு லக்கேஜ் கிடையாது. யப்பா, வழி விடுங்கப்பா!"

ஏறினார். போட்டோக்காரர் ஓடி வந்து படியில் ஒரு படம் பிடித்தார். பஸ் நகரும்வரை மேளக்காரர்கள் மங்களமாக வாசித்தார்கள். ரோட்டோரத்தில் இரண்டு தலைவர்களும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை அவர்கள் பார்க்கவே இல்லை.

பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் சபிஹா மேடம் என்று ஒரு கண்காணிப்பாளர். மேஜை மேல் வைத்த பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நான்காக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"சாவி எங்க, ஆத்தா?" என்று ஸ்வப்னாவைக் கேட்டார்.

சீதாராமன் கிழக்கில் ஆரம்பித்து மேற்கு வரைக்கும் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். அவர் பாதி சொல்வதற்குள் சபிஹா மேடம் தோட்டக்காரரிடம் ஒரு கடப்பாரையைக் கொண்டுவரச் சொல்லி, நின்ற வாக்கில் இரண்டு நெம்பு நெம்பினார். இரண்டு பூட்டும் கொண்டியோடு கையில் வந்துவிட்டன. "யா அல்லா, இம்புட்டுத்தான்" என்று சான்றிதழ்களை எடுத்துத் தூசி தட்டினார். சீதாராமன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்தக் கதையை அவர் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குப் பதிலாக வகுப்பில் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" சொன்னதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. "வேற சீட்டுக் கிடைச்சிருச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தார். கல்லூரியிலிருந்து ஆள் வருவார்கள், போலீஸ் வரும் என்று சில நாள் பயந்து கிடந்தார். யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்தான் வந்தது. கால் பக்க விளம்பரம். நடுவில் வட்டமாகப் படிப்பின் பெயர். பக்கத்தில் பஸ் படியில் மாலை போட்ட பெட்டியைத் தலையில் தாங்கியபடி சீதாராமன், பின்னால் ஸ்வப்னா. கீழே தாளாளர் மலைச்சாமியின் அறிவிப்பு: 'தொடங்கிய ஒரே மாதத்தில் முதல் பேட்ச் முழுமைக்கும் வெளியே இடம் கிடைத்தது! நூறு சதவீதம்! மகிழ்ச்சியில் பெற்றோர் விடைபெறும் காட்சி.'

சீதாராமன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் சோணை வாயெல்லாம் பல்லாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பேப்பர்ல நம்ம படம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. நல்ல வேளை நானே பாத்துட்டேன். நேத்தே லீவு போட்டுட்டு எம்மகளைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்துட்டேன். உங்க படத்தைக் காட்டித்தான் அவ ஆத்தாளைச் சம்மதிக்க வச்சேன்."

சீதாராமன் கையை உருவிக்கொண்டார். "ஒரிஜினல்..." என்றார்.

"எல்லாம் குடுத்தாச்சுண்ணே. ஒரே கூட்டம். நம்ம கடைத்தெருவே அங்கதான் நின்னுச்சு. முன்ன தகரப் பெட்டியாமே? அதெல்லாம் இப்ப இல்ல. தாளாளர் புதுசா ஒரே கல்லுல பெட்டி அடிச்சு, தரையோட சேத்துப் பதிச்சு வச்சிருக்காரு. பத்து ஆள் சேந்தாலும் அசைக்க முடியாது. மூணு பூட்டு."

சோணை பெருமையாக ஒரு சேலையை எடுத்து உதறி விரித்தார்.

"அம்புட்டுப் பத்திரம்ணே."